மூளையின் அடுப்பை மூட்டுவது யார்?



வயிற்றுக்குப் பசித்தால் அது சத்தம் போட்டுச் சொல்லும். காலுக்கு ஓய்வு வேண்டுமென்றால் கால் வலித்துச் சொல்லும். மூளைக்குப் பசித்தால் அது எப்படிச் சொல்லும் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? மூளைக்கு வலி தெரியாது, வயிறு மாதிரி இரையவும் தெரியாது. அது வேறு விதமாகத்தான் சொல்லும். கோபம் வரும், கை நடுங்கும், பேச்சு குளறும், பாராங் கை தவறும். பக்கத்தில் நிற்பவர் அதைப் பார்த்து, "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

"சாப்பிடலேன்னா வயிறுதானே காயும், மூளைக்கு என்னங்க ஆகப் போகுது?" என்று மருந்தகத்தில் என்னைக் கேட்பவர்கள் அநேகம் பேர். அந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. ஆகவே இந்த மாதப் பகுதியில் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். சில பெயர்கள் புதிதாக இருக்கும். பயப்பட வேண்டாம், பெயர் மறந்தாலும் விஷயம் மனத்தில் நின்றால் போதும்.

மூளையின் சாப்பாட்டுக் கணக்கு

பெரிய மனிதர் ஒருவரின் மூளை சுமார் 1 கிலோ 400 கிராம் எடை இருக்கும். எழுபது கிலோ ஆளுக்கு இது உடம்பில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இந்த மூளையே எடுத்துக்கொள்கிறது. எடை இரண்டு பங்கு, சாப்பாடு இருபது பங்கு!

பிள்ளைகளின் மூளை இன்னும் அதிகம் கேட்கும். நான்கைந்து வயதுப் பிள்ளையின் உடம்பு ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூளைக்கே போகிறது என்று 2014-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பசியாற வைக்காமல் அனுப்பக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூளையின் முக்கியமான உணவு குளுகோஸ் என்னும் சீனிச் சத்து. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் அதற்கு வேண்டும். இதைக் கேட்டுவிட்டுச் சீனி டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, தோசை, கிழங்கு எல்லாமே வயிற்றில் செரித்து குளுகோஸாக மாறித்தான் இரத்தத்தில் கலக்கிறது. மீதியைக் கல்லீரல் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, நாம் தூங்கும்போது அளந்து அளந்து கொடுக்கிறது.

மூளையிடம் சொந்தமாகச் சேமிப்பு இல்லையென்றே சொல்லலாம். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பம் மாதிரிதான் அது. இரத்தம் கொண்டு வருவதை வாங்கி அப்போதே எரித்துக்கொள்கிறது. ஆக்ஸிஜனும் அப்படித்தான். மூளைக்கு இரத்தம் போவது நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு போய்விடும். நான்கைந்து நிமிடத்தில் மூளை அணுக்கள் சாகத் தொடங்கிவிடும்.

அணுவுக்குள் எரியும் அடுப்பு

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடுப்புகள் பல நூறு உண்டு. இவற்றுக்கு மைட்டோகாண்டிரியா என்று பெயர்.

குளுகோஸ் நேராக இந்த அடுப்புக்குள் போவதில்லை. முதலில் அணுவின் வெளிக்கூடத்தில் அது இரண்டு துண்டாக உடைகிறது. பெரிய மரத்தை அப்படியே அடுப்பில் வைக்க முடியுமா? பிளந்துதானே வைக்கிறோம், அது மாதிரி. பிளந்த துண்டுகள்தான் அடுப்புக்குள் போய் ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிகின்றன. அந்த எரிப்பில் கிடைக்கும் சக்தியை உடம்பு ஏ.டி.பி. என்ற பொருளாக மாற்றிக் கைக்காசு மாதிரி வைத்துக்கொள்கிறது. அணுவுக்குள் எந்த வேலை நடந்தாலும் கூலி இந்தக் காசில்தான். பிளந்ததோடு நின்றால் ஒரு குளுகோஸுக்கு இரண்டு காசுதான் கிடைக்கும். அடுப்பில் முழுதாக எரிந்தால் சுமார் முப்பது காசு கிடைக்கும்.

சரி, அடுப்பு எப்போது கூட எரிய வேண்டும், எப்போது தணிய வேண்டும் என்று யார் சொல்வது? அங்கேதான் தூதுப் பொருள்கள் வருகின்றன.

நரம்புக்கு நரம்பு போகும் தூது

ஒரு நரம்பணுவும் அடுத்த நரம்பணுவும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இடையில் மிக மெல்லிய இடைவெளி இருக்கிறது. இந்தப் பக்கத்து அணு ஒரு துளி இரசாயனத்தை விடுகிறது. அந்தப் பக்கத்து அணு அதை வாங்கிச் செய்தியைத் தெரிந்துகொள்கிறது. இந்த இரசாயனங்களைத்தான் நரம்புத் தூதுப் பொருள்கள் என்கிறோம்.

இதை முதலில் நிரூபித்தவர் ஆட்டோ லோவி. 1921-இல் ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரில் அவர் இரண்டு தவளை இதயங்களை வைத்துச் சோதனை செய்தார. முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டியபோது அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலேயே அதுவும் மெதுவாகத் துடித்தது. செய்தி நீரில் கரைந்து போயிருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். இதற்காக ஹென்றி டேல் என்பவரோடு சேர்ந்து 1936-இல் லோவி நோபல் பரிசு பெற்றார்.

இன்றைக்கு இம்மாதிரிப் பொருள்கள் பல தெரியவந்திருக்கின்றன. மூளையில் பெரும்பகுதி வேலையை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் குளூட்டமேட். "எழும்பு, வேலையைப் பார்" என்பது அவர் செய்தி. இன்னொருவர் காபா. "பொறு, அடங்கு" என்பது அவர் செய்தி. முந்தியவர் கங்காணி, பிந்தியவர் வீட்டுப் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இருந்தால்தான் குடும்பம் நடக்கும்.

தூது எப்படி நெருப்பை மூட்டுகிறது?

குளூட்டமேட் வந்து தட்டியதும் நரம்பணுவின் கதவு திறக்கிறது. உப்பிலிருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது. அதனால்தான் அணு உசுப்பப்படுகிறது. ஆனால் பாய்ந்த சோடியத்தை உடனே வெளியே இறைத்தால்தான் அடுத்த செய்தியை வாங்க முடியும். வெள்ளம் புகுந்த வீட்டில் வாளி வாளியாக இறைப்போமே, அந்த மாதிரி. இந்த இறைப்பு வேலைக்குத்தான் மூளையின் ஏ.டி.பி. காசில் பெரும்பங்கு செலவாகிறது.

காசு குறையக் குறைய அடுப்பு வேகமாக எரிகிறது. இதோடு கால்சியமும் உள்ளே வந்து, நேரே அந்த அடுப்புகளுக்குள் நுழைந்து, எரிக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. ஆகவே வேலை சொல்ல வந்த தூதே அடுப்பையும் தூண்டிவிடுகிறது.

இரண்டாவது வழி, பக்கத்து வீட்டு உதவி. நரம்பணுக்களைச் சுற்றி நட்சத்திர வடிவத்தில் துணை அணுக்கள் இருக்கின்றன. சிந்திய குளூட்டமேட்டை இவைதான் துடைத்து எடுக்கின்றன. துடைக்கும்போது இவை குளுகோஸைக் கூடுதலாக வாங்கி, பாதி எரித்து, லாக்டேட் என்ற பொருளாக்கி நரம்பணுவுக்குக் கொடுக்கின்றன என்று 1994-இல் சுவிட்சர்லாந்தில் பெல்லரின், மஜிஸ்திரெட்டி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். நரம்பணு இப்படி எவ்வளவு வாங்கிச் சாப்பிடுகிறது, தானே எவ்வளவு சமைத்துக்கொள்கிறது என்பதில் அறிஞர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டும் நடக்கிறது என்பது மட்டும் உறுதி.

மூன்றாவது வழி, இரத்தக் குழாய். குளூட்டமேட்டின் செய்தியால் வேலை நடக்கும் இடத்தில் சிறு இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அந்த இடத்துக்குக் கூடுதலாக இரத்தம் வருகிறது, அதோடு குளுகோஸும் ஆக்ஸிஜனும் வருகின்றன.

இவர்களைத் தவிர நோர்அட்ரினலின் என்றொரு தூதரும் உண்டு. தோட்டத்தில் பாம்பைப் பார்த்தால் குப்பென்று உடம்பெல்லாம் விழித்துக்கொள்கிறதே, அப்போது மூளைக்குள் ஓடுபவர் இவர்தான். துணை அணுக்கள் தம்மிடம் வைத்திருக்கும் கொஞ்சநஞ்சச் சேமிப்பையும் உடைத்து வெளியே எடுக்கச் சொல்லுவார். அவசர காலத்தில் உண்டியலை உடைப்பது மாதிரி. அந்த உண்டியல் மிகச் சிறியது. அதை நம்பி அரை நாள் ஓட்ட முடியாது.

மொத்தத்தில், தூதுப் பொருள் வேலையையும் சொல்கிறது, அந்த வேலைக்கான விறகுக்கும் சொல்லியனுப்புகிறது. ஆனால் கொட்டகையில் விறகு இருந்தால்தானே வரும்? இனி நம் அன்றாட வாழ்க்கைக்கு வருவோம்.

வெறும் வயிற்றுக் கோப்பி

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு குவளை கோப்பி-ஓ. அதோடு பெரட்டுக்குப் போய்விட்டால் பத்து மணி வரை வேறொன்றும் இல்லை. "கோப்பி குடிச்சா தெம்பா இருக்கு தெரசரையா" என்பார்கள். அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஏ.டி.பி. காசு செலவாகும்போது அதிலிருந்து அடினோசின் என்ற பொருள் உண்டாகிறது. செலவு கூடக்கூட அது மூளையில் சேர்கிறது. சேர்ந்து, "போதும், கொஞ்சம் ஓய்ந்து படு" என்று நரம்பணுக்களை அடக்குகிறது. நமக்கு அலுப்பும் தூக்கமும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோப்பியிலுள்ள கஃபீன் என்ன செய்கிறது? அடினோசின் வந்து உட்கார வேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. செய்தி போய்ச் சேராது. அலுப்பு தெரியாது. ஆனால் செலவான காசு செலவானதுதான்.

ஆக, கோப்பி விறகல்ல. பானை காலியாக இருப்பதை மறைக்கும் மூடி அது. அதில் போடும் சீனி மட்டும் கொஞ்ச நேரம் எரியும். கோப்பி குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடவே இரண்டு இட்லியோ, அவித்த மரவள்ளியோ, முட்டையோடு ரொட்டியோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன்.

சீனி இறங்கிப் போனால்

சாதாரண உடம்புக்காரர் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் கைகொடுக்கும். இனிப்பு நீர் வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவருக்கு அப்படியில்லை. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்த வியாதி இருக்கிறது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆகவே இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பேச்சு.

சில வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டுகிறவர், ஐம்பதை நெருங்கிய வயது. மாத்திரையைத் தவறாமல் போடுகிறவர், அதில் குறை சொல்ல முடியாது. அன்றைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் வேலைக்குப் போய்விட்டார். ஒன்பதரை மணிக்குச் சட்டையெல்லாம் நனைய வியர்த்திருக்கிறது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கெட்ட வார்த்தையில் ஏசியிருக்கிறார். கூட இருந்தவர்கள், "அண்ணே காலையிலேயே சாத்திட்டாருபோல, கொஞ்சம் படுக்க வை" என்று நிழலில் படுக்க வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர் வாழ்நாளில் குடித்ததே இல்லை! அந்த வழியே வந்த ஒரு தாயார், "இவரு குடிக்கிறவரில்லையே" என்று சந்தேகப்பட்டு ஆள் அனுப்பினார். நான் போய் விரலில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சீனி 1.9 இருந்தது. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. ஊசியில் குளுகோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்தத் தாயார் அந்த வழியே வராதிருந்தால் அவர் கதை என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே நடந்தது என்ன? சீனி இறங்கியதும் முதலில் அட்ரினலின் ஓடுகிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி எல்லாம் அப்போது வரும். இது முதல் மணி. இதற்கும் சாப்பாடு கிடைக்காவிட்டால் அடுப்பு தணிகிறது. பேச்சு குளறுகிறது, நடை தள்ளாடுகிறது, கோபம் வருகிறது, ஆள் அடையாளம் தெரியாமல் போகிறது. இது இரண்டாவது மணி. அதற்கும் மேலே போனால் சிந்திய குளூட்டமேட்டைத் துடைக்கக்கூடக் காசு இருக்காது. அது பெருகி நின்று நரம்பணுக்களை ஓயாமல் தட்டும். அணுவுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகும். வலிப்பு வரும், நினைவு போகும். நீடித்தால் அணுக்களே செத்துவிடும். வேலை வாங்க வந்த தூதே, கூலி கொடுக்கக் காசில்லாதபோது எமனாக மாறுகிறது.

இப்படி யாரையாவது பார்த்தால் என்ன செய்வது?

ஆளுக்கு நினைவிருந்து, விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சீனியில்லாத 'டயட்' பானம் உதவாது. பதினைந்து நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு கொடுங்கள். தெளிந்ததும் பிஸ்கோத்தோ சோறோ சாப்பிட வையுங்கள்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருந்தகத்துக்கு ஆள் அனுப்புங்கள், 999-க்கும் போன் பண்ணுங்கள்.

தெளிந்துவிட்டார் என்று அப்படியே மறுபடி வேலைக்கு அனுப்பிவிடவும் கூடாது. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் உடம்பில் பல மணி நேரம் தங்கி வேலை செய்யும். சிறுநீரகம் பழுதானவர்களிடமும் வயதானவர்களிடமும் இன்னும் அதிக நேரம் தங்கும். ஏறிய சீனி மறுபடி இறங்கலாம். ஆகவே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெட்ஃபோர்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மாத்திரை எது என்று தெரியாவிட்டால் அட்டையை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! ஏறிய சீனியும் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் தின்றுவிடும். மாத்திரையும் வேண்டும், சாப்பாடும் வேண்டும், இரண்டும் நேரத்தோடு வேண்டும்.

சம்சுவும் அரிசித் தவிடும்

இப்போது இன்னொரு விஷயம். விறகும் இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது, ஆனால் அடுப்பின் வாய் அடைத்துக்கொண்டால்?

பிளந்த குளுகோஸ் துண்டு அடுப்புக்குள் நுழைய ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவிதான் தையமின், அதாவது வைட்டமின் பி-1. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேலே போதும். ஆனால் உடம்பில் இருக்கும் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். சாவி இல்லாவிட்டால் அடுப்பு தணியும். அது மட்டுமா? முன்னே சொன்ன அசிட்டைல்கோலின் தூதுப் பொருளைச் செய்ய வேண்டிய மூலப்பொருளும் அந்தக் கதவைத் தாண்டித்தான் கிடைக்கிறது. அதே விறகிலிருந்துதான் நெருப்பும் வருகிறது, தூதும் வருகிறது. கதவு அடைபட்டால் இரண்டும் போச்சு.

இது நம் தாத்தா பாட்டி காலத்துக் கதையோடு சேர்ந்தது. நூறு வருடங்களுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற வியாதி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடம் அது அதிகம் இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் மிகக் குறைவு. நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்து, அரிசியில்தான் காரணம் இருக்கிறது என்று 1907-இல் புத்தகமே எழுதினார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-இன் கடைசியில் டாக்டர் பிளெச்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. பிறகு 1907-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு பக்கத்துக் காட்டில் சாலை போட்ட சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களை வைத்து அதையே உறுதி செய்தார்கள். தவிட்டில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்று தெரிந்தது. 1926-இல் ஜாவாவில் யான்சன், டோனாத் என்ற இருவர் அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் இந்த பி-1.

நெல்லை அவித்துக் காய வைக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டினாலும் முழுதும் போகாது. நம் பாட்டிமார் வைட்டமின் பெயர் தெரியாமலேயே அதைச் சாப்பிட்டுப் பிழைத்தார்கள்.

இன்றைக்குப் பெரிபெரி அரிது. ஆனால் பி-1 குறைவால் வரும் மூளை வியாதி இன்னும் நம் வீடுகளுக்கு வருகிறது. சம்சு வழியாக வருகிறது. நாளும் குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலுள்ள பி-1 குடலிலிருந்து உடம்பில் சேர்வதையும் சாராயம் தடுக்கிறது. அப்படியே மாதக்கணக்கில் போனால் ஒரு நாள் கண் நிலைகொள்ளாமல் ஆடும், இரண்டிரண்டாகத் தெரியும். கால் அகட்டித் தள்ளாடி நடப்பார். குழப்பமாகப் பேசுவார். ஜெர்மனி டாக்டர் வெர்னிக்கே 1881-இலேயே விவரித்த வியாதி இது. உடனே பி-1 ஊசி போட்டால் பலருக்குத் தெளியும். தாமதித்தால் ஞாபகம் போய்விடும். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது, பெற்ற பிள்ளை கல்யாணம் நடந்ததே தெரியாது. அது பெரும்பாலும் திரும்பி வராது.

இங்கேதான் வீட்டிலுள்ளவர்கள் ஏமாந்துபோகிறார்கள். குடிகாரர் தள்ளாடினால் போதை என்று நினைத்துவிடுகிறோம். இரவு குடித்த போதை மறுநாள் மத்தியானத்துக்குள் தெளிய வேண்டும். குடிக்காமலேயே இரண்டாம் நாளும் தள்ளாடினால், கண் ஆடினால், அது போதையல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "இவர் நாளும் குடிக்கிறவர், சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதனோடு சேர்த்தோ பி-1 கொடுக்க வேண்டுமென்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. சாராயம் காபாவின் வேலையை மிகைப்படுத்துகிறது. அதைச் சமாளிக்க மூளை தன் குளூட்டமேட் பக்கத்தைப் பலப்படுத்திக்கொள்கிறது. பல வருடம் நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால், பாட்டி வீட்டில் இல்லை, கங்காணி மட்டும் கூச்சல் போடுகிறார் என்ற கதையாகும். கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்த நினைப்பது மிக நல்லது. மருந்தகத்தில் சொல்லிவிட்டு, வைத்தியத்தோடு நிறுத்துங்கள்.

இரண்டு கேள்விகள்

"குளூட்டமேட் என்கிறீர்களே, அஜினோமோட்டோவும் அதுதானே? குழம்பில் போட்டால் மூளைக்கு ஏறுமா?" என்று ஒரு தாயார் கேட்டார். பொருள் ஒன்றேதான். ஆனால் சாப்பாட்டில் வரும் குளூட்டமேட்டில் பெரும்பங்கைக் குடலே எரித்துவிடுகிறது. மிச்சத்தையும் மூளைக்குள் விடாமல் அதன் இரத்தக் குழாய்ச் சுவர் தடுக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதிலும் உப்புச் சத்து உண்டு என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

"பரீட்சை வருகிறது, பிள்ளைக்கு மூளை டானிக் வாங்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்கும் பிள்ளைக்கு டானிக்கால் புதிதாக ஒன்றும் வராது. அந்த வெள்ளிக்கு முட்டையும் பருப்பும் நிலக்கடலையும் வாங்குங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

பெரட்டுக்குப் போகுமுன் கொஞ்சமாவது பசியாறுங்கள். இனிப்பு நீர் மாத்திரை போட்டவர் சாப்பிடாமல் வீட்டைவிட்டு இறங்க வேண்டாம். சட்டைப் பையில் நான்கைந்து இனிப்பு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். கூட வேலை செய்யும் இரண்டு பேரிடம் "எனக்கு இந்த வியாதி இருக்கு" என்று சொல்லி வையுங்கள். அதில் வெட்கமில்லை.

தைப்பூசத்துக்கோ புரட்டாசிக்கோ விரதம் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே மருந்தகத்துக்கு வந்து மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இருதயத்துக்கு புரோப்ரனலோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீனி இறங்கும்போது நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். அவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அரிசியை ஏழு தடவை கழுவாதீர்கள், பி-1 தண்ணீரோடு போய்விடும். வாரத்தில் சில நாளாவது புழுங்கலரிசி சமையுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலைக்காட்டில் ஒருவர் தள்ளாடினாலோ, உளறினாலோ, சம்பந்தமில்லாமல் ஏசினாலோ, குடி என்று முடிவு கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். சாப்பிட்டாரா? என்ன மருந்து சாப்பிடுகிறார்? முகம் கோணியிருக்கிறதா, ஒரு பக்கம் கை கால் விழுந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமென்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது வாயில் ஒன்றும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்த மூன்று கேள்விக்கும் ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாமல் வைக்கும்.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேளுங்கள், அல்லது மருந்தகத்துக்கே நேரில் வாருங்கள்.